மூன்று கவர் போட்ட புகார்

இன்று அரக்கோணம் ரயிலில் ஒரு குடும்பமே மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தது. அந்த வாசனைக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ கண்ணை மூடிய பிறகும் உன்னை நினைத்தால் முதலில் சிரிப்புதான் வருகிறது, அழுகை பிறகுதான்.

திருத்தணி ஸ்டேஷன் பக்கத்தில் நீ பிரௌசிங் சென்டர் வைத்திருந்தாய். நான் ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் கணக்கு எழுதினேன். பட்டறைக் கழிவு இறங்கி எங்கள் தெருக் கிணற்றில் தண்ணீர் ஊதாவாக வந்தது. குழந்தைகளுக்கெல்லாம் சொறி. புகார் கொடுத்தால் பெயர் மறுநாளே முதலாளி காதுக்குப் போகும். வேலை போய்விடும், தெருவில் குடியிருக்கவும் விடமாட்டார்.

"பேரு போடாம அனுப்பினாலும் எந்தக் கம்ப்யூட்டர்னு பார்த்துடுவாங்களே?" என்றேன்.

"கம்ப்யூட்டர்லயே மூணு கவருக்குள்ள போட்டு அனுப்பலாம்டி. ஒவ்வொரு கவரையும் ஒவ்வொரு தேசத்துல இருக்கற கம்ப்யூட்டர் பிரிச்சு அடுத்ததுக்குத் தள்ளும். மொத கவரைப் பிரிக்கிற கம்ப்யூட்டருக்கு யாரு குடுத்தாங்கன்னு தெரியும், உள்ள என்னன்னு தெரியாது. கடைசிக் கவரைப் பிரிக்கிற கம்ப்யூட்டருக்கு எங்க சேர்க்கணும்னு தெரியும், யாரு அனுப்பினாங்கன்னு தெரியாது."

"நான் ஒருத்தி மட்டும் அனுப்பினா?"

"ஆடிக் கிருத்திகைக்கு மலை மேல பாரு. எல்லாத் தலையும் மொட்டை, எல்லாத்துலயும் சந்தனம். அதுல உங்க ஊரு ஆளைக் கண்டுபுடி பார்க்கலாம். இந்தக் கவரு வழியிலயும் ஊர்ப்பட்ட ஜனம் போய்க்கினு இருக்குது."

பெருமையாக எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

"கணக்கு ரூம் ஜன்னல்ல இருந்து பார்த்தா கழிவுக் குழாய் தெரியும்னு எழுதிக்கிறியே! அந்த ஜன்னலாண்ட உக்காந்துகினு இருக்கறது நீ ஒருத்திதானே? கவரு வந்த வழியைத்தான் மறைக்கும். வாயை நீதாண்டி மறைக்கணும்."

அந்த வரியை அழித்துவிட்டு அனுப்பினோம்.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்தார்கள், குழாயை அடைத்தார்கள். முதலாளி என் மேஜை முன் நின்று கத்தினார்: "விசாரிச்சுட்டேம்மா. எவனோ ஜெர்மனில உக்காந்துகினு எழுதிக்கிறான்! நம்ம கிணறு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"ஆங், அக்கிரமம் சார்," என்றேன், தலையைத் தூக்காமல்.

அன்று சாயங்காலம் உன் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாம் சிரித்த சிரிப்பு! ஜெயித்தோம்டி. மழைக்காலம் முடிவதற்குள் கிணறும் தெளிந்துவிட்டது.

இப்போது திருத்தணியில் இருக்கும் என் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை அந்த வேலைக்கென்றே விட்டிருக்கிறேன். நடுக் கவரைப் பிரித்து அடுத்த கைக்குத் தள்ளும் வேலை. எங்கெங்கோ பயந்து பயந்து எழுதுகிறவர்களின் வார்த்தை நம் திருத்தணி வழியாகப் போகிறது. யாருடையது, என்ன எழுதியிருக்கிறது, எனக்குத் தெரியாது. தெரியாததுதான் எனக்குப் பெருமை. அதன் சின்ன விளக்கு சிமிட்டும்போதெல்லாம் உன்னிடம் சொல்லிக்கொள்கிறேன்: இன்னொருத்தி தப்பிச்சிட்டாடி.