அப்பாவுக்கு நான்கு மகன்கள்

12 பெப்ரவரி 1991

விடாத மழை. பேராதனைக்கு வேலைக்குப் போகவில்லை. நான் இல்லாவிட்டாலும் நூலகம் நடக்கும்.

அப்பா செத்து இரண்டு கிழமை ஆகிறது. அம்மா அழவில்லை, பேசுவதும் இல்லை. பாடசாலையிலிருந்து பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள்களை எடுப்பித்துத் திருத்திக்கொண்டிருக்கிறார். குண்டசாலையில் இவ்வளவு அமைதியான வீடு வேறு இருக்காது.

இந்த வீட்டில் சிரிப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒருவர்தான். அந்தப் பதவி இனி வெற்றிடமாகவே கிடக்கும்போல.

15 பெப்ரவரி

ஸ்ரீஸ்கந்தராசா மாமா வந்தார். அம்மாவின் அண்ணர், ஓய்வுபெற்ற அதிபர். கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்துக்குப் பாட்டுகள் கொண்டுவந்தார். முப்பத்தோராம் நாள் வருகிறவர்களின் கையில் அந்தப் புத்தகத்தைக் கொடுக்காமல் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒருவரையும் மேலுலகம் அனுப்புவதில்லை. பாடியவர் கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் ஒரு புலவர்.

*நால்வர் மைந்தரும் மருமக்கள் மூவரும்
கால்களைப் பற்றிக் கதறிடச் சென்றனை!*

நான் ஒரே பிள்ளை. அதுவும் மகள்.

"மாமா, ஆர் இந்த நாலு பேர்?"

"அது பிள்ளை, புலவர் முந்தி மாத்தளையில ஒரு முதலாளிக்குப் பாடினது. அவசரத்துக்குக் கொஞ்சம் திருத்தித் தந்தவர்."

"நாலு பேரையும் எடுக்கேல்லையே."

"நால்வரை எடுத்தா கால்களை எங்க கொண்டுபோய் வைக்கிறது? எதுகை நிக்காது. இருக்கட்டும் பிள்ளை, ஆர் எண்ணிப் பாக்கப்போகினம்?"

நான் எண்ணிப் பார்த்தேன். மகன்கள் நால்வர், மருமக்கள் மூவர். கடைசித் தம்பிக்கு இன்னும் கலியாணமாகவில்லை.

இன்னொரு பாட்டில் அப்பா "சிரித்தறியா முகத்தார்". அம்மாவைப் பார்த்தேன். "அண்ணை சொல்லுறபடி செய்யட்டும். மரியாதையா இருக்கும்," என்றார். பல நாளுக்குப் பிறகு பேசியது அதுதான்.

16 பெப்ரவரி

கோபம் ஆறவில்லை.

சண்டையால் பாதை மூடிக் கிடக்கிறது. அப்பாவின் அக்கா, மங்களேஸ்வரி அத்தை, யாழ்ப்பாணத்திலிருந்து தம்பியின் முகம் பார்க்க வரமுடியவில்லை. அங்கே போகிற யாராவது ஒருவரின் பைக்குள் அடுத்த மாதம் இந்தப் புத்தகம் போகும். அது மட்டும்தான் போகும். அத்தை திறந்து பார்க்க, சிரிக்காத ஒரு மனிசன், நாலு பொடியள்! ஆற்றையோ வீட்டுச் செத்தவீடெண்டு மூடி வைக்கப்போறா. என்ர அப்பாவைப் பற்றி ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாமப் போகப்போகுது.

வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். நானே எழுதுகிறேன்.

18 பெப்ரவரி

எழுதியதில் கொஞ்சம்:

"அம்பிகைபாகன், நிறுவை அளவைப் பரிசோதகர். கடைக்காரரின் தராசுகளைச் சோதிப்பது தொழில். மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அரசாங்கப் படிக்கற்களைக் கொண்டுவந்து அவளை நிறுத்துப் பார்த்து, கலப்படம் இல்லை என்று அறிவித்து, நெற்றியில் சந்தனத்தால் முத்திரை குத்துவார்.

எண்பத்து மூன்று கலவரத்தில் மடவளை முஹைதீன் நானா எங்களைத் தன் கடைக்குப் பின்னால் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஒளித்துவைத்தார். அங்கே அப்பா மண்ணெண்ணெய்ப் புனலை வாயில் வைத்து வானொலி நடத்தினார். சத்தம் வெளியே போகக்கூடாது. ஆகவே, 'அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டியிருப்பதால் நேயர்கள் கிட்ட வரவும்.' பிறகு, அம்மாவின் பெயரில் வானிலை: 'பத்மாதேவிப் பிரதேசத்தில் காலை முதல் கடும் இடி. மாலையில் முகம் ஓரளவு தெளியலாம். மீனவர்களும் கணவன்மாரும் கரையிலேயே நிற்கவும்.'

திரும்பி வந்தபோது வீட்டில் கதவுகூட இல்லை. சில மாதங்களின் பின் தராசு பார்க்கப் போன ஒரு கடையில் எங்கள் சாய்வுக் கதிரை இருந்தது. முதலாளி அதையே இழுத்துப்போட்டு உபசரித்தார். அப்பா அதில் சாய்ந்திருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். 'கதிரை சுகமா இருக்கு. உங்களை எல்லாம் விசாரிச்சது,' என்றார்."

எத்தனையோ வாழ்க்கை வரலாறுகள் வாசித்திருக்கிறேன். ஒன்றிலும் கதாநாயகன் தன் சொந்தக் கதிரைக்கு விருந்தாளியாகப் போனதில்லை.

வானிலையை வெட்டவேண்டுமோ? அந்த நாட்களில் அம்மா அதற்காக முகத்தைத் தூக்கிக்கொண்டு இருப்பார். இப்போது ஊரே வாசித்தால்?

19 பெப்ரவரி

முஹைதீன் நானா பருப்பும் சீனியும் கொண்டுவந்தார். வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"எல்லாஞ் சரி மகள். ஒன்ட உட்டுட்டீங்க. வெளிய கூச்சல் கேக்கக்கொள்ள அவருட கை நடுங்கும். புனல் பல்லுல பட்டு டக்டக்கெண்டு அடிக்கும். 'ஒலிபரப்பில சின்னத் தடங்கல்' எண்டு சென்னாரு. எங்கட ஊட்டுப் புள்ளயள் அதுக்கும் சிரிச்சிச்சு."

சிரித்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அதையும் எழுதிச் சேர்த்தேன்.

20 பெப்ரவரி

குளித்துவிட்டு வர, அம்மா என் தாள்களை வைத்துக்கொண்டிருந்தார். கையில் சிவப்புப் பேனை.

"இது பிழை. 'கடும் இடி' இல்லை, 'இடையிடையே இடி'. சும்மா கூட்டி எழுதாதை."

"உங்களுக்கு எப்பிடியம்மா ஞாபகம்?"

"நான்தானே எழுதிக் குடுத்தனான்."

நான் தாளை வாங்கி அந்த வரியைத் திரும்ப வாசித்தேன்.

"அவருக்கு வாசிக்க வரும், எழுத வராது. நானா சீனி சுத்துற சரைக் கடதாசியில எழுதிக் குடுப்பன்."

"ஏன் ஒரு நாளும் சொல்லேல்லை?"

"கணக்கு ரீச்சர் எழுதினதெண்டா ஆர் சிரிக்கப்போறியள்?"

"அப்ப நீங்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தது?"

"அப்பிடி இருந்தாத்தானே அது எடுபடும்."

கடைசித் தாளின் கீழே எழுபத்தெட்டு என்று புள்ளி போட்டு வட்டமிட்டிருந்தார். கை பழகிவிட்டது.

22 பெப்ரவரி

அச்சுக்குப் போயிற்று. புலவரை நோகடிக்க மாமாவுக்கு மனமில்லை. பாட்டுகள் முன்னால், என் பக்கங்கள் பின்னால். நால்வரும் உள்ளேதான்.

28 பெப்ரவரி

முப்பத்தோராம் நாள். சாப்பாட்டுப் பந்தியில் சோறு ஆற ஆறப் புத்தகம் வாசித்தார்கள். ஐயர் இரண்டு தரம் இருமினார். இருமல் இல்லை என்று நினைக்கிறேன். சனிக்கிழமை வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போகிறவரிடம் அத்தைக்கு ஒரு பிரதி கொடுத்தாயிற்று. அம்மா தானே சுற்றிக் கட்டினார்.

கலஹாவிலிருந்து மாமாவுக்குத் தெரிந்த புஷ்பம் என்றொரு பெண் வந்திருந்தார். எங்களை முன்பின் தெரியாது. முதல் பக்கத்தோடு புத்தகத்தை மடித்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு மகன் இருந்தும் ஒருத்தரையும் காணலையே அக்கா."

நான் வாயைத் திறக்குமுன் அம்மா சொன்னார்: "மூண்டு பேர் குடும்பத்தோட வெளிநாட்டில. வரேலாமப் போச்சு."

"கடைசிப் பையன்?"

"அவனுக்குத்தான் ஒண்டும் பொருந்தி வருகுதில்லை."

புஷ்பம் கிட்ட நகர்ந்தார். "எந் தங்கச்சி மக ஒருத்தி இருக்கா. நர்ஸ் வேலைக்குப் படிக்கிறா. சாதகம் அனுப்பட்டுங்களா?"

அம்மா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"தகப்பன் போய் ஒரு வருசமாவது கழியட்டும், புஷ்பம். அதுவரைக்கும் அவன் மாட்டன் எண்டு நிக்கிறான்."

நான் பாயசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இரண்டு பேரும் சிரித்துக் கெட்டிருப்போம்.