நைனா என்று இழுத்துக் கூப்பிட்டேன்

நைனா,

இன்று ஒடுகத்தூர் கடைத்தெருவில் புதுப்புளி வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண், "நைனா, பஸ்ஸு வந்துடுச்சு!" என்று கத்தினாள். அவள் கூப்பிட்டது அவள் தகப்பனை. திரும்பித் தேடியது நான். நீங்கள் போய் இத்தனை வருஷமாகியும் இந்தக் கழுத்துக்குப் புத்தி வரவில்லை.

எழுபதுகளில் அப்பா இறந்த பிறகு, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மலைமேல் இருக்கும் தன் பிறந்த ஊருக்கே திரும்பினாள். புருஷனை இழந்தவள் மறுபடி கட்டிக்கொள்வது நம் மலையில் குற்றமில்லை, உங்களைக் கட்டிக்கொண்டாள். உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதுதான் எனக்குப் பெரும் பாடு. 'அப்பா' என்றால் செத்தவரை மறந்ததாக ஆகிவிடுமோ என்று பயம். எதுவும் சொல்லாமலே ஒரு மழைக்காலத்தை ஓட்டினேன். மழை ஓய்ந்து புளி பழுத்த பிறகு, ஒரு நாள் உலுக்க மரமேறியிருந்த உங்களுக்குக் களி கொண்டுவந்து, அடியில் ஊமையாக நின்றேன். நீங்களே பார்த்துவிட்டு இறங்கி வந்தீர்கள்.

"அப்பான்றது உங்க அப்பாருக்கே இருக்கட்டும் கண்ணு. அதுல நான் பங்குக்கு வர்ல. எங்க வூட்ல தகப்பன நைனான்னு கூப்புடுவோம். நீயும் அப்டியே கூப்புடு. ஆனா கடைசில நல்லா இழுக்கணும். அப்பத்தான் மரத்து மேல இருக்கறவனுக்குக் கேக்கும்."

வேலூருக்குக் குடிவந்த பிறகு, பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவர்கள் வாயில் அது 'நாயனா'. நம் பக்கத்து நாக்கில் தேய்ந்து 'நைனா' ஆகியிருக்கிறது. தகப்பனையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பெற்ற பிள்ளையையும் செல்லமாக அப்படியே கூப்பிடுவார்களாம். பட்டணத்தில் இந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்கட்டும். அவர்களுக்கு ஒரு தகப்பன், எனக்கு இரண்டு.

என் கல்யாணத்தில் தாரை வார்க்கும் நேரம். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, குறுக்கே வந்தார்.

"பெத்தவன் எடத்துல நான் குந்துறேன். ரெண்டாவதா வந்தவருக்கு மணையில இன்னா வேலை?"

நீங்கள் பந்தல் காலோரம் ஒதுங்கினீர்கள். எனக்கு வந்ததே கோபம்! தலைகுனிந்திருக்க வேண்டிய கல்யாணப்பெண், பந்தல் அதிர இழுத்துக் கூப்பிட்டேன்.

"நைனாஆ! வந்து குந்துங்க. நீங்க குந்தாம எனக்குக் கல்யாணம் வாணாம்."

வந்தீர்கள். பாதித் தண்ணீரை என் புடவையில்தான் ஊற்றினீர்கள். பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது ஐயர் பெண்ணின் தகப்பன் பேரை உரக்கச் சொன்னார். அது செத்துப்போன என் அப்பாவின் பேர். பெரியப்பா திகைத்துப்போய் உங்களைப் பார்த்தார்.

"காலையிலயே ஐயருகிட்ட சொல்லி வச்சிட்டேங்க" என்றீர்கள். "பேரு அவருது. கை மட்டும் என்னுது."

அப்படிப்பட்ட மனுஷனின் மகள் என்பதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. இன்றுவரை அது இறங்கவில்லை. என் பிள்ளைகள் தங்கள் தகப்பனை அப்பா என்கிறார்கள். மாமனாரை நான் மாமா என்றுதான் கூப்பிட்டேன். நைனா என்பதை யாருக்கும் கொடுக்கவில்லை. அது உங்களுக்கே இருக்கட்டும்.