வாளியில் வளர்ந்த ஸ்டூல்

மார்ச் 4

இன்று ஸ்டூலின் மேல் இரண்டு மரத்தூள் மூட்டைகளை ஏற்றி, அதற்கு மேல் என் வீட்டுக்காரரையும் ஏற்றினோம். ஸ்டூல் அசையவில்லை. வீட்டுக்காரர்தான் ஆடினார். "முதல்ல என்னை இறக்குங்க, அப்புறம் எழுதிக்கோங்க" என்று கத்தினார். தியரி நிதானமாக மூன்று பக்கமும் போய் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

தியரி என் கூட்டாளி. கல்லூரியில் தாவரவியல் நடத்திவிட்டு வந்தவர். வாயைத் திறந்தால் "தியரிப்படி" என்றுதான் ஆரம்பிப்பார், பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவர் சொல்லித்தான் இந்தப் பைத்தியமே பிடித்தது. மரத்தூளை வேகவைத்து ஆறவிட்டு, காளான் வேரைக் கலந்து, வாளியில் அமுக்கி மூடி வைத்தால், ஒரு வாரத்தில் வேர் குறுக்கும் நெடுக்குமாக ஓடி எல்லாவற்றையும் ஒரே கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கவிழ்த்துத் தட்டினால் ஸ்டூல். அதைப் பழைய பேக்கரி அடுப்பு ஒன்றில் சுடுகிறோம். சுட்டால்தான் உள்ளே இருக்கும் காளான் சாகும். ஆணி இல்லை, பசை இல்லை, பிளாஸ்டிக் இல்லை.

வாளி மட்டும் பிளாஸ்டிக். அதுவும் அக்கா கடை வாளி.

"என் வாளி இல்லன்னா உன் ஸ்டூலுக்குப் பிறப்பே இல்ல. இயற்கையாம், இயற்கை!" என்று இன்றைக்கும் சொன்னாள். முன்பக்கம் அவளுடைய பிளாஸ்டிக் சாமான் கடை, பின்பக்கக் கொட்டகை எங்கள் பட்டறை. மே மாதக் கடைசி வரைக்கும் விட்டு வைத்திருக்கிறாள். அதற்குள் உருப்படியாக ஓர் ஆர்டர் வராவிட்டால் கொட்டகை அவளுடைய குடோன் ஆகிவிடும். "மே முப்பத்தொண்ணு சாவி என் கைக்கு வரணும். அப்புறம் தங்கச்சி, கூடப் பொறந்தவள்னு மூக்கை உறிஞ்சக் கூடாது" என்று வீட்டுக்காரரைச் சாட்சி வைத்துச் சொன்னவள். சொன்னால் செய்வாள்.

மார்ச் 6

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா எனக்கு?

மூட்டை ஏற்றிப் பார்த்தால் போதாது. மூட்டை ஒழுங்காக உட்காரும். மனுஷன் தொப்பென்று விழுவான், ஒரு பக்கமாகச் சாய்வான், உட்கார்ந்த வாக்கில் எட்டிப் பேனாவை எடுப்பான். அப்படி யாராவது உட்கார வேண்டும், அதுவும் நல்ல பாரமுள்ள ஆளாக. என் வீட்டுக்காரர் எலும்பும் தோலும். தியரியைக் காற்றடிக்கிற நாளில் வெளியே விடவே பயமாக இருக்கிறது. நான் நேரே கடைக்குப் போய், சோப்பு டப்பா வாங்க வந்த இரண்டு பெண்கள் நிற்கும்போதே, "அக்கா, ஒரு நிமிஷம் வந்து உக்காந்து பாரேன். எங்களுக்குக் கொஞ்சம் கனமான ஆள் வேணும்" என்றேன்.

அந்தப் பெண்கள் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 8

அக்கா பேசவில்லை. மாடியிலிருந்து சாப்பிட மட்டும் இறங்கி வருகிறாள். உப்பு என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. "உங்க பொண்டாட்டிகிட்ட உப்பைக் கேளுங்க" என்றாள் வீட்டுக்காரரிடம். அவரும் கேட்டார். நானும் கொடுத்தேன். மூன்று பேருக்கும் சேர்த்து வயது நூற்று நாற்பதுக்கு மேல் ஆகிறது.

மார்ச் 15

ஆர்டர் வரும் போலிருக்கிறது!

விடுதி நடத்துகிறவர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். சட்டை வெள்ளை, செருப்பு வெள்ளை, காரும் வெள்ளை. தியரியும் நானும் அவர் போனதும் ஒரே நேரத்தில் "சுண்ணாம்பு" என்றோம். அவருக்கு ஸ்டூல் பிடித்துவிட்டது. தட்டிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். அறைக்கு ஒன்று, கூடத்துக்குக் கொஞ்சம் என்று கணக்குப் போட்டார். ஒரே ஒரு குறை. "கலர்தான் கருகின ரொட்டி மாதிரி இருக்கு. வெள்ளையா வராதா?"

அடுப்புக்குப் போகும்வரை வெள்ளைதான். சுட்டதும் பழுப்பாகிவிடுகிறது. பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 19

சூட்டைக் குறைத்துவிட்டோம். "தியரிப்படி, குறைஞ்ச சூட்டுல ரொம்ப நேரம் வச்சாலும் செத்துடும்" என்றார் தியரி. "நடைமுறைப்படி?" என்றேன். "அதை யாரும் பார்த்ததில்ல, நாமதான் பார்க்கணும்" என்றார். பார்க்கலாம் என்று சொன்னது நான். பாலில் முக்கி எடுத்தது போல வெள்ளை வெளேரென்று வந்தது.

சுண்ணாம்பிடம் ஃபோனில் இதைப் பீற்றிக்கொண்டிருந்த நேரத்தில், பழைய சூட்டிலேயே வைத்த ஸ்டூல் ஒன்றை அடுப்பில் மறந்துவிட்டோம். கரிக்கட்டையாக வந்தது. கழித்துப் போட்ட குவியலின் உச்சியில் அதை வைத்தேன்.

மார்ச் 27

அக்கா பேச ஆரம்பித்துவிட்டாள், அதாவது திட்ட ஆரம்பித்துவிட்டாள். எங்கள் ஸ்டூல் வேண்டாமென்றால் தோட்டத்தில் உடைத்துப் போடலாம், மக்கிவிடும் என்று பெருமையடித்தேன்.

"மக்கிப்போறதை எவன் காசு குடுத்து வாங்குவான்?"

"நீ வித்த வாளி எல்லாம் உன் பேரன் பேத்திக்கு அப்புறமும் அப்படியே கிடக்கும்."

"அதுக்குப் பேருதான்டி தரம்."

சாயங்காலம் அவள் வெந்நீர் வாளியில் இரண்டு கால்களையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் வீங்கிப்போய் இருக்கிறது. காலையிலிருந்து கடை பூட்டும்வரை நின்றுகொண்டேயிருக்கிறாள். போன வருடத்திலிருந்து இப்படித்தான். கடை நிறைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறாள், ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் என்ன? கேட்டேன். "நான் உக்காந்தா வியாபாரமும் உக்காந்துடும்" என்றாள்.

ஏப்ரல் 2

இருபது வெள்ளை ஸ்டூல்கள் விடுதிக்குப் போய்விட்டன. ஒரு மாதம் போல வைத்துப் பார்த்து, பிடித்தால் எல்லா அறைகளுக்கும். தியரி ஒவ்வொன்றையும் தட்டிக்கொடுத்து வண்டியேற்றினார். பெண்ணை அனுப்புகிறவர்கூட இவ்வளவு கலங்க மாட்டார்.

ஏப்ரல் 5

கரிந்த ஸ்டூலைக் காணவில்லை. நல்லதெல்லாம் அப்படியே இருக்கிறது. திருடனுக்கும் ஒரு ரசனை வேண்டாமா?

ஏப்ரல் 18

அக்கா கால் வீக்கம் வடிந்திருக்கிறது. மருந்து மாற்றினாயா என்றேன். "உன் காளானைப் பாரு, என் காலைப் பார்க்காத." பாத்திரம் கழுவும்போது பாட்டு முணுமுணுக்கிறாள். என்ன நடக்கிறது இந்த வீட்டில்?

மே 9

சுண்ணாம்பு ஃபோன். "உங்க ஸ்டூலுக்குக் காது முளைச்சிருக்கு, வந்து பாருங்க."

போனோம். ஸ்டூல்களை அறையிலும் கூடத்திலும் போடுவதாகச் சொன்ன மனுஷன், குளியலறை வாசல்களில் வரிசையாகப் போட்டிருக்கிறார். வெந்நீர் ஆவி ஒரு மாதமாக இதமாக அடித்திருக்கிறது. ஒவ்வொரு ஸ்டூலிலும் கொத்துக் கொத்தாகக் காளான். ஒன்றில் மூன்று பக்கமும். தங்க வந்த ஒரு குடும்பம் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. இன்னொரு அம்மாள் துண்டோடு வெளியே வந்தவர் அலறிக்கொண்டு திரும்பவும் உள்ளே ஓடினாராம்.

"நான் ஸ்டூல் கேட்டேன். தோட்டம் கேட்கல" என்றார் சுண்ணாம்பு.

தியரி மண்டி போட்டுக் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "அருமையான வளர்ச்சி" என்றார். வாய்விட்டுச் சொன்னார். சாக வேண்டிய காளான் சாகவில்லை. அந்த நிமிஷம் தியரி போயிருந்தால் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

மே 10

இருபதும் திரும்பி வந்தாச்சு. ஆர்டர் போச்சு.

மே 13

யார் மேல பழி போடறது? வெள்ளையா வேணும்னு அவர் கேட்டாரு. கேட்பாரு, வாங்கறவர் கேட்கத்தான் செய்வாரு. முடியாதுன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் இல்லையா? மத்த எல்லாத்துக்கும் இருக்கே இந்த வாய்! சுட்டாதான் சாகும்னு தெரியும், சுட்டா பழுப்பாகும்னு தெரியும் — தெரிஞ்சே சரின்னு தலையாட்டினேன்.

இனி முன்னாடி வேலை பார்த்த பெயிண்ட் கம்பெனிக்கே போய் நிக்கணும். "என்னம்மா, காளான்லாம் சௌக்கியமா?"ன்னு அந்த மேனேஜர் கேட்பான். கேட்டுட்டுப் பல்லைக் காட்டுவான். எனக்குப் பெயிண்டு நாத்தமே ஒத்துக்காது. அந்தக் கொட்டகையில மரத்தூள் வேகற வாசனையோட வேலை பார்த்த ஒரு வருஷம்தான் நான் சந்தோஷமா எழுந்திரிச்ச வருஷம். இதை யார்கிட்ட சொல்றது?

அக்கா ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மே 24

தியரி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். விற்கப்போகிற அடுப்பை எதற்குத் துடைக்கிறார்? கேட்கவில்லை. நானும் இன்னொரு துணியை எடுத்துக்கொண்டேன்.

மே 31

சாவியைக் கொடுக்கப் போனேன். கொடுக்கவில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

கடையை அப்போதுதான் கழுவி விட்டிருந்தார்கள், தரையெல்லாம் ஈரம். வாளி அடுக்குகளுக்கு நடுவே போனால், கல்லாவுக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஒரு வருடத்துக்கு மேலாக நான் பார்க்காத காட்சி. சாய்ந்து, கால் மேல் கால் போட்டு, எட்டிப் பேனாவை எடுத்தாள். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழுந்தாள். அவள் எழுந்த இடத்தில் சாக்குத்துணி போர்த்திய ஒன்று இருந்தது. துணியை இழுத்தேன்.

கரிந்த ஸ்டூல்.

"எத்தனை நாளா?"

"ஏப்ரல்லேர்ந்து" என்றாள் அக்கா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "கழிச்சுப் போட்டதுதானே. கேட்டுட்டு எடுக்கணுமா?"

"கேட்டிருந்தா நல்லதாவே குடுத்திருப்பேனே."

"கேட்டா நீ என்னை மெஷின்ல ஏத்தி நிறுப்ப."

பிறகு மெல்லச் சொன்னாள். போன வருடம் கடையில் கூட்டம் இருக்கும்போது அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கால் முறிந்து, வாளி அடுக்கின் மேலேயே விழுந்திருக்கிறாள். வாளி வாளியாகத் தெருவரைக்கும் உருண்டு ஓடியிருக்கிறது. "எல்லாரும் சிரிச்சாங்கடி. தூக்கிவிட வந்தவளும் சிரிச்சா. இருபது வருஷமா தரம், தரம்னு நான் வித்த நாற்காலி, என்னைத் தாங்கல." அதற்குப் பிறகு எதிலும் உட்காரப் பயந்து நின்றேயிருந்திருக்கிறாள். எங்களிடமும் சொல்லவில்லை. நானோ சோப்பு டப்பா வாங்க வந்தவர்கள் முன்னால் "கனமான ஆள் வேணும்" என்று போய் நின்றிருக்கிறேன். என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

கல்லாவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து ஸ்டூலைப் புரட்டிப் பார்த்தேன். தினமும் கழுவுகிற தரையில் இரண்டு மாதம் கிடந்திருக்கிறது. ஒரு கீறல் இல்லை, ஒரு காளான் இல்லை. அடியில் வாளி மூடி ஒன்றைக் கவ்வ வைத்திருக்கிறாள், தண்ணீர் ஏறாமலிருக்க. "வாளி உடையும், மூடி உடையாது. ஜோடி போன மூடி மேல ஒரு மூட்டை கிடக்கு" என்றாள். தியரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தியரிப்படி…" என்று தொடங்கி, அக்கா முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். முதல் முறையாக நிறுத்தினார்.

சாவியை நீட்டினேன்.

"ஆணியில மாட்டு. நாளைக்குக் காலைல நீதானே திறக்கப் போற?" என்றாள்.

கொட்டகைக்குப் போய் அழுதேன். மரத்தூள் மூக்கில் ஏறித் தும்மலும் வந்ததால் நிம்மதியாக அழக்கூட முடியவில்லை.

ஜூன் 6

நன்றாகச் சுட்ட பழுப்பு ஸ்டூல்களுக்கு மூடி மாட்டி, கடை வாசலில் ஐந்து வைத்தோம். மூன்று நாளாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று ஒரு பாட்டு டீச்சர் வந்தார். நல்ல ஆகிருதி. கப்பு வாங்க வந்தவர், கல்லாவுக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருப்பதைக் கண் எடுக்காமல் பார்த்தார். (அக்கா இப்போது சாக்குத்துணி போர்த்துவதில்லை.) கிட்டே வந்து, தாழ்ந்த குரலில், "அது உங்களைத் தாங்குதா?" என்றார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் கேட்கக் கூடாத கேள்வி.

அக்கா எழுந்தாள். தொப்பென்று உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்து, மறுபடியும் தொப்பென்று உட்கார்ந்தாள். "நீங்களும் உக்காந்து பாருங்க" என்றாள்.

டீச்சர் இரண்டு வாங்கினார். வகுப்பில் தரையில் உட்கார்ந்தால் எழ முடிவதில்லையாம், நாற்காலியை நம்ப முடிவதில்லையாம்.

ஜூன் 21

டீச்சர் அனுப்பிய ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். தையல்காரர் ஒருவர், வண்டியோட்டுகிற ஒருவர், மருந்துக் கடைக்காரரின் மனைவி. எல்லோரும் முதலில் தாழ்ந்த குரலில்தான் கேட்கிறார்கள், போகும்போது சத்தமாகப் பேசிக்கொண்டு போகிறார்கள். சுண்ணாம்புகூட ஃபோன் செய்தார், பழுப்பும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறதாம். யோசித்துச் சொல்கிறேன் என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லத்தான் போகிறேன், கொஞ்சம் வேகட்டும்.

அடுப்பு விற்பனைக்கு இல்லை.

ஜூன் 28

ஸ்டூலில் ஒட்ட ஒரு சீட்டு வேண்டும் என்றாள் அக்கா. மழையில் வைக்காதீர்கள், வேண்டாதபோது உடைத்து மண்ணில் போடுங்கள், மூடியை மட்டும் எங்களிடமே திருப்பிக் கொடுங்கள். இதெல்லாம் எழுதியாயிற்று. எவ்வளவு பாரம் தாங்கும் என்ற வரி மட்டும் பாக்கி. தியரி மூட்டைக் கணக்கைச் சொன்னார்.

"மூட்டையா வாங்க வருது?" என்றாள் அக்கா.

செருப்பைக் கழற்றிவிட்டு, மரத்தூள் நிறுக்கிற மெஷினில் ஏறி நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு, "தங்கச்சி, நீ மட்டும் பாரு. அந்த ஆளைத் திரும்பி நிக்கச் சொல்லு" என்றாள். தியரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். முள் ஆடி ஆடி நின்றது.

எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை. சீட்டில் இருக்கிறது.