மூன்றாவது சேதிக்கு வைத்திருக்கும் தோடு

நாரின், ஏப்ரல் 3

அன்பு மகள் ஐஜிரேக்குக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, ஆடுகள், உன் கலிபா அத்தையின் வாய் எல்லாம் நல்ல சுகம். புதாபெஸ்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நடமாடுகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். கணிதத்தில் முனைவர் படிப்புக்கு உன்னை இரண்டு ஊர்க்காரர்கள் கூப்பிட்டதிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நேற்று நம் வழக்கமான உப்புப் பால் தேநீரில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டுவிட்டேன், உன் அப்பா அதைக் கவனிக்காமலே இரண்டு கிண்ணம் குடித்தார், அவர் நிலைமையும் அதுதான்.

வியன்னாவில் இடம் கிடைத்ததைக் குடும்பக் குழுவில் நீ எழுதியபோது என் கை மாவில் இருந்தது, உன் அத்தை முதலில் பார்த்துவிட்டு ஒற்றைக் காலணியோடு ஓடிவந்து வாசலில் நின்று சுயுஞ்சு, சுயுஞ்சு என்று பரிசு கேட்டுக் கத்தினாள். நல்ல சேதி கொண்டுவந்தவளை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா, என் பட்டுத் தலைத்துணியை அவிழ்த்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து ஒஸ்லோ சேதியோடு ஜிர்கல் சித்தப்பா குதிரையில் வந்தார், உன் அப்பா சந்தோஷத்தில் கொழுத்த கிடாயையே பிடித்துக் கொடுத்துவிட்டார். இப்போது அத்தை வியன்னாதான் என்கிறாள், சித்தப்பா ஒஸ்லோதான் என்கிறார். தான் சொன்ன சேதி நிலைக்காவிட்டால் சும்மா பரிசு வாங்கியது போலாகிவிடுமாம். தலைத்துணியையாவது திருப்பித் தரலாம், தின்ற கிடாயை நான் எங்கே போய்த் தேடுவேன் என்று சித்தப்பா புலம்புகிறார்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான், நீங்கள் சொல்லுகிற ஊருக்கே போகிறேன், பதினைந்தாம் தேதிக்குள் பதில் தர வேண்டும் என்று நேற்று எழுதியிருந்தாய். எனக்குச் சுருக்கென்றது. வியன்னாவில் உதவித்தொகை கொஞ்சம் அதிகம், அதே செய்தியில் அப்பாவின் முழங்கால் சிகிச்சையைப் பற்றி மூன்று தரம் கேட்டிருக்கிறாய், எனக்குக் கணிதம் வராவிட்டாலும் இது புரியாதா? அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "என் முட்டியை அவ இதுல சேர்க்க வேணாம்னு எழுது. அது என் முட்டி, நான் பாத்துக்குறேன்" என்றார். சொன்னதோடு நிற்காமல் முட்டி நன்றாக இருக்கிறது என்று காட்ட வைக்கோல் போர்மேல் ஏறினார், இறங்கத்தான் தெரியவில்லை, சித்தப்பா தோளில் தாங்கி இறக்கினார். பயப்படாதே, ஒன்றும் ஆகவில்லை, இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியது ஞாபகம் இருக்கிறதா? வியன்னாவைப் பற்றி, நல்ல பேராசிரியர், நல்ல அறை, ரொட்டியும் பரவாயில்லை என்றாய், அவ்வளவுதான். பிறகு ஒஸ்லோ பேச்சு வந்தது. ஏரிப் பனிக்கட்டி எங்கே முதலில் விரிசல் விடும், அதை எப்படிக் கணக்கில் எழுதிப் பிடிப்பார்கள் என்று தொடங்கினாய். எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. ஆனால் பிசைந்து வைத்த மாவு பொங்கிப் பாத்திரத்தைத் தாண்டி மேசையில் இறங்கிய பிறகும் நீ மூச்சு விடவில்லை. நான் எந்த ஊரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் அது என் முடிவாகிவிடும், நாளைக்குப் பனிக்கட்டி ஒழுங்காக உடையவில்லை என்றாலும் என் தலைதான் உருளும். எங்களுக்காக ஒரு ஊர், உனக்காக ஒரு ஊர் என்று பிரிக்காதே, நீ மூச்சு விடாமல் பேசுகிற இடத்தில் நீ இருந்தால் எங்களுக்கு வேறென்ன வேண்டும்.

எங்கே போனாலும் உன் பாதை தடையில்லாமல் வெண்மையாக இருக்கட்டும், உன் அறிவுக்குக் கண் படாமல் இருக்கட்டும். புதாபெஸ்டுக்கு வரும் பள்ளிக்கூட ஆசிரியையிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு பை குருத், நான் காயவைத்த உப்புத் தயிர் உருண்டை, கொடுத்தனுப்புகிறேன், ஒரே நாளில் தின்று தீர்க்காதே. முக்கியமானது, முடிவைக் குழுவில் எழுதாதே, கொடுக்க இன்னொரு கிடாய் இல்லை. எனக்கு மட்டும் போன் செய். கல்யாணத்திலிருந்து கழற்றாத வெள்ளித் தோட்டைக் கழற்றிச் சர்க்கரைக் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன். இந்தத் தரம் சுயுஞ்சு கேட்க வேண்டியவள் நீ.

மாவுக் கையைக் கழுவிவிட்டுப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா புருல்சா