ஜெபமணியை அனுப்புவதற்கில்லை

திருப்பதி
2-3-1932

கர்த்தருக்குள் பிரியமான அக்கா கிருபாபாய் அவர்களுக்குத் தம்பி அசரியா ஸ்தோத்திரத்துடன் எழுதுவது.

நானும் தபீதாளும் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படியிருக்கிறது? தபீதாள் எலுமிச்சை ஊறுகாய் போட்டிருக்கிறாள். சித்தூர் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவாள்.

ஒரு நல்ல செய்தி. நம் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார் ஞானசிங் போன ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, மனைவியைக் கைநீட்டி அடித்தது பாவம் என்று அழுது அறிக்கையிட்டார். சபையில் கண்கலங்காதவர்கள் இல்லை. போதகன் என்ற முறையில் நான் அவர் தலையில் கைவைத்து ஜெபித்துச் சபையில் திரும்பச் சேர்த்துக்கொண்டேன். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

ஆகையால் நீங்கள் நடத்தும் பிள்ளைகள் விடுதியில் வந்து தங்கியிருக்கும் அவர் மனைவி ஜெபமணியையும் குழந்தைகள் இரண்டையும் ரயிலேற்றிவிடுங்கள். ஈஸ்டர் ஆராதனையில் கர்த்தருடைய இராப்போஜனம் இருக்கிறது. மனஸ்தாபம் உள்ளவர்கள் பந்திக்கு வரக்கூடாதல்லவா? புருஷன் இவ்வளவு தாழ்ந்து வந்த பிறகும் அவள் முறுக்கிக்கொண்டு நின்றால், நான் அவளைத்தான் விலக்கி வைக்க வேண்டிவரும். மனைவி இருக்கவேண்டிய இடம் புருஷன் வீடு. உங்களுக்குத் தெரியாததல்ல.

அன்புள்ள தம்பி,
அசரியா

சித்தூர்
5-3-1932

தம்பி அசரியாவுக்கு,

தபீதாளுக்கு என் அன்பைச் சொல். உன்னிடம் சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

ஞானசிங் சபைக்கு முன்னால் அழுதானாம். அடி வாங்கியது சபையா? அவள் இல்லாத இடத்தில் அவன் அழுகிறான், அவளைக் கேட்காமல் நீ மன்னிக்கிறாய். நன்றாயிருக்கிறது உங்கள் சமாதானம்!

வந்து இறங்கிய அன்று ஜெபமணியால் இடது கையைத் தூக்க முடியவில்லை. கைக்குழந்தைக்கு நான்தான் பால் புகட்டினேன். மூத்தது பெண், இன்னும் பள்ளிக்கூட வயதுகூட ஆகவில்லை. தோட்டக்காரக் கங்கையா செருமினாலே கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிறது. "இன்னாத்துக்குடி ஒளியறே?" என்று குனிந்து கேட்டேன். "நைனா வந்துக்கினு கீது. பேசாதே ஆயா" என்று என் வாயைப் பொத்தியது.

நீ பக்கத்து வீட்டுக்காரன். ஜெபமணி எல்லாம் சொன்னாள். கிறிஸ்துமஸ் சமயத்தில் குழந்தைகளோடு உன் சமையலறைக்குள் ஓடிவந்து தபீதாளைக் கட்டிக்கொண்டாளாம். அவன் உள்ளே புகுந்து மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனானாம். வாசற்படியில் நின்றிருந்த நீ, "பொறுமையாயிரம்மா" என்றாயாம். யாருக்குச் சொல்லவேண்டியதை யாருக்குச் சொன்னாய்?

ஜெபமணியை அனுப்புவதற்கில்லை. அவளை விலக்கினால் என்னையும் சேர்த்து விலக்கிவிடு.

கிருபாபாய்

திருப்பதி
18-4-1932

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபீதாளுக்கும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பிடிவாதம் பிடித்து எங்கே கொண்டுவந்து விட்டீர்கள் பாருங்கள். குழந்தைகளைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி ஞானசிங் சித்தூர் ஜில்லா கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டார். தகப்பனுக்குத்தான் உரிமை என்கிறார்கள். அவள் பக்கத்து வக்கீல் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடப்போவதாகக் கேள்விப்பட்டேன். அது முடியாது. சபையார்மேல் சபையார் நியாயஸ்தலம் ஏறக்கூடாது என்பது நம் ஒழுங்கு. அதுவும் என் கையாலேயே சேர்த்துக்கொண்டவரை நானே கூண்டிலேறிக் குற்றஞ்சாட்டுவதா? பள்ளிக்கூடத்தின் பெயர் என்னாகும்? ஜெபத்தில் தாங்குகிறேன். அதற்குமேல் கேட்காதீர்கள்.

அசரியா

சித்தூர்
20-6-1932

அசரியா,

வரும் திங்கட்கிழமை விசாரணை. அடித்தான் என்று அவள் சொல்வாள், இல்லை என்று அவன் சொல்வான். கண்ணால் கண்டவர் யார் என்றுதான் ஜட்ஜ் துரை கேட்பார். உனக்குச் சம்மன் அனுப்பலாமாம். இழுத்துக்கொண்டு வந்தால் பூசி மெழுகிப் பேசுவாய், அதனால் வக்கீலிடம் நான்தான் வேண்டாமென்றேன்.

நீயாக வா. வந்து கண்டதைச் சொல். நீ வராவிட்டால் கட்டிலுக்கடியில் ஒளிகிற அந்தக் குழந்தையைப் பிடித்து அவன் கையில் கொடுக்கவேண்டும். கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுப்பது? பொறுமையாயிரு என்றா?

கிருபாபாய்

திருப்பதி
29-6-1932

அக்கா,

ஊழியத்துக்குக் காளஹஸ்தி போய்த் திரும்பினால் வீடு பூட்டிக் கிடக்கிறது. தபீதாள் ஒரு சீட்டுக்கூட எழுதி வைக்கவில்லை. சித்தூர் ரயிலேறியதைப் பார்த்ததாக எதிர்வீட்டுச் சிட்டிபாபு சொல்கிறான். சபையார் என்னவெல்லாமோ பேசுகிறார்கள். ஞாயிறு ஆராதனையில் எந்த முகத்தோடு நிற்பேன்? அவள் எப்போது வருவாள்? உடனே அனுப்பிவையுங்கள்.

அசரியா

சித்தூர்
1-7-1932

அசரியாவுக்கு,

தபீதாள் இங்கேதான் இருக்கிறாள். திங்களன்று நேராகக் கோர்ட்டுக்கு வந்தாள், கூண்டில் ஏறினாள். உன் சமையலறையில் கண்டதையும் சுவருக்கு அப்பால் கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஞானசிங்கின் வக்கீல், "போதகர் மனைவி நீங்கள். புருஷனுக்குத் தெரியாமல் வந்து கதை கட்டுகிறீர்களா?" என்று மடக்கப் பார்த்தான்.

"கதை இல்லீங்க. அவரும் பாத்துக்கினுதான் நின்னாரு" என்றாள்.

பிள்ளைகள் தாயிடமே இருக்கட்டும் என்று ஜட்ஜ் துரை தீர்ப்புச் சொல்லிவிட்டார். தபீதாள்தான் ஜெபமணியை விடுதிக்குக் கூட்டிவந்தாள்.

உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தாள். "சபையார் பேசறத எழுதிக்கீறாரு. என்னை எப்ப வருவேன்னு கேட்டுக்கீறாரு. அந்தக் கொழந்தைங்க எங்க கீதுங்க, இன்னா ஆச்சின்னு ஒரு வார்த்த இல்லியே அக்கா" என்றாள். பிறகு பெண் குழந்தைக்குத் தலைவாரப் போய்விட்டாள்.

அவளைப் பிடித்து வைக்கவும் அனுப்பி வைக்கவும் நான் யார்? கூப்பிட வேண்டுமானால் அவளுக்கே எழுது. எனக்கு எழுதாதே. எழுதினாலும் நான் பிரிக்கப்போவதில்லை.

கிருபாபாய்