ஓடையில் மட்டும் உன் முறை

மழை பிடித்தால் நம் வண்டிக்குள் இன்னும் கருவாட்டு வாடை அடிக்கிறது. நேற்று சாயங்காலம் இந்த வருஷத்தின் முதல் பெரிய மழை. நின்றதும் கதவைத் திறந்தேன். குப்பென்று முகத்தில் அடித்தது. மூக்கைப் பொத்தப் போன கை பாதியிலேயே நின்றுவிட்டது. உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

சூளூர்பேட்டையில் உன் சின்னம்மா வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த நீ, ஒரு பை நெத்திலிக் கருவாட்டை ஓட்டுகிற சீட்டுக்கு அடியில் வைத்து மறந்துபோனாய். மூன்று நாள் நல்ல வெயில். நானோ திருப்பதியில் கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டில் வெங்காயத்துக்கே ஆயிரம் விசாரணை. எத்தனை தரம் கழுவியும் போகவில்லை. "என் புடவையெல்லாம் நாறறதுடி" என்று நான் கத்தினால், நீ சிரித்துக்கொண்டே, "வாசனைக்கு இன்னா மாமி, அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துக்கினு போவுது" என்பாய். உனக்கும் எனக்கும் ஒரே வயது. ஆனாலும் முதல் நாளிலிருந்தே நான் உனக்கு மாமிதான்.

வெதுருகுப்பம் தாண்டி மலையடியில் இருக்கிற அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் நாம் இரண்டே பேர் டீச்சர்கள். பஸ் பாதி வழியோடு சரி. அப்புறம் ஆட்டோ. அதுவும் ஓடை வரைக்கும்தான். ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தாலே ஆட்டோக்காரர் திருப்பிக்கொண்டு போய்விடுவார். நமக்கும் அன்றைக்கு லீவு. நான் அதை வருத்தமாக நினைத்ததே இல்லை, உண்மையைச் சொன்னால். நீதான் ஒருநாள் கரையில் நின்று சொன்னாய்: "எங்க ஊர்லயும் மழ பேஞ்சா டீச்சர் வரமாட்டாங்கோ மாமி. ஸ்கூல் மூடிட்டா மத்தியான சோறும் கெடியாது. நைனாவுக்கும் மழன்னா கூலி வேல இல்ல. மழ பேஞ்ச அன்னிக்கி வூட்ல எல்லாரும் சும்மா படுத்துனு இருப்போம்." அடுத்த வாரமே, ஆளுக்குப் பாதி போட்டு ஃபோர் வீல் வண்டி ஒன்று வாங்கலாம் என்று ஆரம்பித்துவிட்டாய்.

புதுசு நமக்கு எட்டாது. சித்தூரில் பழைய வண்டி விற்கிற கடைக்குப் போனோம். நாம் கேட்ட மாதிரி அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சின்ன வண்டி, ஐந்து பேர் உட்காரலாம், பெரிய கியருக்குப் பக்கத்தில், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க இன்னொரு குட்டிக் கியர். கடைக்காரர் நம் முதுகுக்குப் பின்னாலேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், சார் ராலேதா?" என்று, ஆம்பளை யாரும் வரவில்லையா என்கிற மாதிரி, தெலுங்கில் கேட்டார். சாருக்கு ஓட்டத் தெரியாது, வண்டி எங்களுக்குத்தான் என்று நீயும் தெலுங்கிலேயே சொல்லிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டாய். எனக்கு மானம் போயிற்று. லாரி ஓட்டுகிற உன் தம்பி போனில் சொன்னதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாய். நாலு டயரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா, அடியில் எண்ணெய் கசிகிறதா, மிதியடிக்குக் கீழே துரு இருக்கிறதா என்று ஒன்றுவிடாமல் பார்த்தாய்.

"ஃபோர் வீல்னு எழுதி வெச்சிகிறீங்களே, போட்டுக் காட்டுங்க" என்று கேட்டாய். கடைக்காரர் அந்தக் குட்டிக் கியரைத் தொட்டே பார்த்ததில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆற்று மணலுக்கு ஓட்டிப்போகச் சொன்னாய். பத்தடி போவதற்குள் பின் சக்கரம் இரண்டும் புதைந்துவிட்டன. அவரை இறக்கிவிட்டு நீ ஏறி உட்கார்ந்தாய். நீ குள்ளம், காலே எட்டவில்லை. சீட்டைக் கடைசி வரைக்கும் முன்னால் இழுத்து, முதுகுக்கு உன் கைப்பையை வைத்துக்கொண்டு, குட்டிக் கியரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாய். வண்டி ஒரு உறுமு உறுமி மணலைவிட்டு வெளியே வந்தது. ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஏறு மாமி, போவலாம்" என்றாய். எனக்கு அதற்கு முன்னும் பின்னும் யார்மேலும் அவ்வளவு பொறாமை வந்ததில்லை.

முறை வைத்துக்கொண்டோம். காலையில் போகும்போது நான், சாயங்காலம் வரும்போது நீ. ஆனால் ஓடையில் தண்ணீர் இருந்தால், காலையானாலும் அது உன் முறை. தண்ணீரில் வண்டியை இறக்க எனக்குத் தைரியம் கிடையாது. நான் வண்டியை நிறுத்தி இறங்கி முன்பக்கமாகச் சுற்றி வருவேன், நீ பின்பக்கமாகச் சுற்றிப் போவாய். முதலில் ஒரு குச்சியோடு தண்ணீரில் இறங்கி ஆழம் பார்ப்பாய். முட்டிக்கு மேலே போனால் பேச்சே இல்லை, திரும்பிவிட வேண்டும். அந்த விஷயத்தில் நீ மகா கறார். அப்புறம் சீட்டை இழுக்கிற 'கடக்' சத்தம், குட்டிக் கியர், அக்கரை. அங்கே மறுபடி இறங்கி இடம் மாற்றிக்கொள்வோம். மரத்தடியில் நிற்கிற பிள்ளைகள் இதைப் பார்த்துக் கைதட்டுவார்கள். நாலு வருஷத்தில் மழையைச் சொல்லிப் பள்ளிக்கூடம் மூடின நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

போன கார்த்திகையில் நீ முறை தவற ஆரம்பித்தாய். "இன்னிக்கி நீயே ஓட்டிடேன் மாமி, சோம்பலா கீது" என்பாய். இரண்டு வாரம் நானே போகவர ஓட்டினேன். ஓடையில் மட்டும் வந்து உட்காருவாய். அந்தச் சமயம் பார்த்து என் மாமியார் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டிருந்தார். கட்டு மாற்றப் புத்தூருக்கு அலைவது, வந்து சமைப்பது என்று நான் கொதித்துப்போயிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நீ மறுபடி சாவியை நீட்டினாய்.

"கருவாடு துன்ன மட்டும் தெம்பு இருக்கோ? இன்னிக்கு உன் முறை. நான் தொடமாட்டேன்" என்றேன்.

'துன்ன' என்று உன் பேச்சையே திருப்பிச் சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.  நீ நீட்டின சாவியைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாய். நான் இடது பக்கம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் தூங்கவில்லை. ஓடையில் வண்டியை நிறுத்தியதும் லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். ஒரு கை வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது. மறு கையால் குட்டிக் கியரை இழுத்தாய், வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தாய். உன் நெற்றியெல்லாம் வியர்வை. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். வீம்பு. கண்ணை மறுபடி மூடிக்கொண்டேன். திருப்பதியில் என் வீட்டு வாசலில் நிறுத்தி, "மொற முடிஞ்சிது மாமி" என்று சிரித்தாய்.

திங்கட்கிழமை நீ வரவில்லை. ஆஸ்பத்திரியில் உன் வீட்டுக்காரர்தான் சொன்னார். வயிற்றில் கட்டி. ஒரு மாதமாகவே உனக்குத் தெரியும். அரையாண்டுப் பரீட்சை முடியட்டும் என்று யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறாய்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வெள்ளிக்கிழமைக்காக மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அழுகைதான் வந்தது. நீ என் கையைத் தட்டி, "அதுக்கேன் அழுவுற? அன்னிக்கி நீ ஓட்டியிருந்தா, கடைசியா ஒருவாட்டி ஃபுல்லா ஓட்டனோம்னு எனக்கு இருந்திருக்குமா? நல்லவேள, நீ தொடல" என்றாய். நிஜமாகவே சொன்னாயா, என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்க ஆளும் இல்லை. தை பிறந்து பத்தாம் நாள் நீ போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்ததும் உன் வீட்டுக்காரர் உன்னிடம் இருந்த இன்னொரு சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். "ஸ்கூலுக்குன்னு வாங்கன வண்டி மேடம். அது ஸ்கூலுக்கே போய்க்கினு இருக்கட்டும்" என்றார். வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து இரண்டு முறையும் நான்தான். சீட்டை இழுக்க வேண்டியதே இல்லை, அது என் காலுக்குச் சரியாக அப்படியே நிற்கிறது. நல்லகாலம், நீ படுத்ததிலிருந்தே மழை இல்லை, கோடை முழுக்க ஓடை வறண்டு கிடந்தது.

இன்று காலை அதில் தண்ணீர். செம்மண் கலந்து பழுப்பாக ஓடியது. கரையில் நிறுத்தினேன்.  அக்கரையில் மரத்தடியில் பிள்ளைகள் நின்றார்கள். கை தட்டவில்லை, பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரும்பிப் போயிருந்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குச்சியோடு இறங்கினேன். முட்டிக்கு ஒரு சாண் கீழேயே இருந்தது. திரும்பி வந்து, நேராகப் போய் ஏறாமல், முன்பக்கமாகச் சுற்றி இடது பக்கக் கதவு வரைக்கும் போனேன். அங்கிருந்து பின்பக்கமாகச் சுற்றி, நீ வருகிற வழியாக வந்து ஏறினேன். சீட்டைக் கடைசி வரைக்கும் முன்னால் இழுத்தேன். 'கடக்' என்றது. முட்டி இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன. குட்டிக் கியர் முதல் தரம் வரவில்லை. இரண்டாம் தரம் இழுத்தேன், வந்தது. தண்ணீருக்குள் இறங்கி ஏறுகிற வரைக்கும் மூச்சுவிட்டேனா என்று ஞாபகம் இல்லை.

அக்கரையில் நிறுத்தினேன். இங்கேதான் இறங்கி இடம் மாற்றிக்கொள்வோம். நான் இறங்கவில்லை, சீட்டையும் பின்னால் தள்ளவில்லை. முட்டி இடிக்க, அப்படியே பள்ளிக்கூடம் வரைக்கும் ஓட்டினேன். அந்த வெள்ளிக்கிழமை நான் ஓட்டாமல் விட்ட தூரமெல்லாம் அப்படியே பாக்கி இருக்கிறது. பக்கத்தில் காலியாக இருந்த சீட்டைப் பார்த்து, அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்குச் சொன்னேன்.

"நீ கண்ண மூடிண்டு தூங்குடி. இன்னிக்கு என் முறை."