மாப்பிள்ளை வருமுன் அடித்த பெயிண்ட்

ஆவடி,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்பிள்ளை ஜஸ்டினுக்கு, மாமா இருதயராஜ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் அத்தையும் சுகம். ரோஷினி சுகமில்லை. தோஹாவில் வெயில் அதிகம் என்கிறார்கள், வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். போனில் பேசினால் மரியாதை தவறிவிடுவேன் என்று பயந்துதான் கடிதம் எழுதுகிறேன்.

நீங்கள் அவளுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நானும் கேட்டேன். டெஸ்ட் எல்லாம் நார்மல், நாடகம் ஆடுகிறாள் என்கிறீர்கள். இரண்டு வருடமாக இருமல், மூட்டுவலி, நாலு படி ஏறினால் இளைப்பு. என் மகளுக்கு நடிக்கத் தெரியாது மாப்பிள்ளை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆட்டுக்குட்டி வேஷம் போட்டதற்கே அழுதுகொண்டு மேடையைவிட்டு இறங்கி வந்தவள்.

டாக்டர்கள் மட்டும் என்ன? மனசுதான் காரணம் என்றார் ஒருவர். குழந்தை பிறந்தால் சரியாகும் என்றார் இன்னொருவர், அப்பன் பக்கத்தில் நிற்கிறேன் என்றுகூடப் பார்க்காமல். எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல இவர்களுக்கு என்ன கேடு? போன வாரம் பார்த்த நுரையீரல் டாக்டரம்மாதான் வீட்டுச் சுவரில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று கேட்டார். சளியைச் சோதித்ததில் பூஞ்சைத் தொற்று தெரிந்தது. இருமலுக்கு அதுதான் காரணமாம், மருந்து உண்டாம். மூட்டுவலிக்கும் அசதிக்கும் அதோடு சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், யாருக்கும் இன்னும் நிச்சயமாகத் தெரியாது, முதலில் அந்த வீட்டைவிட்டு வெளியே வா என்றார்.

அதற்கு நீங்கள், லீவில் வந்தபோது சுவர் பளிச்சென்றுதான் இருந்தது, லோன் போட்டு வாங்கிய வீட்டைப் பூட்டிப்போட முடியாது என்கிறீர்கள். நேற்று அயனம்பாக்கத்தில் உங்கள் வீட்டுக்குப் போய் பீரோவை நகர்த்திப் பார்த்தேன். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பு. பெயிண்டர் பச்சையப்பனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “இன்னா சார், அண்ணாத்தே வர்றதுக்கு முந்தின வாரம் அக்கா கூப்டுவாங்க. கறுப்பு தெரியாம அடிச்சிட்டுப் போவேன். உள்ள ஈரம் அப்படியேதான் கீது” என்றார். ரோஷினியைக் கேட்டால், ஆசையாக வாங்கிய வீடு, உங்கள் மனசு நோகக்கூடாதாம். அவள் ஆடிய ஒரே நாடகம் அதுதான்.

நேற்றே அவளை இங்கே அழைத்து வந்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். மருந்து ஆரம்பித்தாயிற்று. முழுதாகக் குணமாகும் என்று டாக்டரம்மா வாக்குக் கொடுக்கவில்லை.

ஆண்டவர் உங்களை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளுக்குப் போன் போட்டு, எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள். அவள் என்ன சொன்னாலும் நம்புங்கள்.

இப்படிக்கு,
ரோஷினியின் அப்பா
இருதயராஜ்